வண்டியோடுதான் திரும்பினேன்

1

எனக்குக் கோர்வையாக எழுத வராது. நாமக்கல்லில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள் நான். அதற்குப் பிறகு நான் எழுதியது மளிகைச் சீட்டும், வெளியூரில் இருந்த வீட்டுக்காரருக்கு நாலு வரிக் கடிதாசியும்தான். இப்போது மறதி வேறு வந்துவிட்டது. காலையில் சர்க்கரை மாத்திரை போட்டேனா இல்லையா என்று மத்தியானம் உட்கார்ந்து யோசிக்கிறேன். ஒற்றெழுத்தை எங்கே போட வேண்டும், எங்கே விட வேண்டும் என்பதும் பிடிபடவில்லை. படிக்கிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்த ஒன்றால்தான் எழுத உட்கார்ந்தேன். ஆக்லாந்தில் தகனினி என்ற பகுதியில் மகன் குமரேசன் வீட்டில் இருக்கிறேன். எல்லாம் புது வீடுகள், ஒன்றைப் போலவே இன்னொன்று. வந்த புதிதில் ஒருமுறை பக்கத்து வீட்டுக் கதவில் சாவியைப் போட்டுத் திருகியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பேத்தி தியாவுக்குப் பிறந்தநாள். வீடு நிறைய ஆட்கள். நான் வழக்கம்போல அடுப்படியில் இருந்தேன். நாலு பேர் கூடினால் எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். மருமகள் நித்யாவும் "அத்தைக்குக் கூச்சம்" என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள். அதனால் யாரும் என்னை வற்புறுத்திக் கூப்பிடுவதில்லை.

கூடத்தில் குமரேசன் பேசுவது காதில் விழுந்தது.

"எங்கம்மா போன வருஷம் ஆஸ்திரேலியா போனாங்களே, தெரியுமா? பாலைவனத்துல கேரவனோட மாட்டிக்கிட்டாங்க. நான் இங்கிருந்து போன் மேல போன் போட்டு, ஒரு வழியா ஊரு கொண்டாந்து சேர்த்தேன்."

எல்லாரும் சிரித்தார்கள். "ஆன்ட்டிக்கு இந்த வயசுல அட்வென்ச்சரா!" என்றார் ஒருவர். எண்ணெயில் கிடந்த வடையைத் திருப்பிப் போட மறந்து நின்றுவிட்டேன். ஒரு ஈடு கருகிப் போனது.

நான் மாட்டிக்கொள்ளவில்லை. என்னை யாரும் கொண்டுவந்து சேர்க்கவும் இல்லை. கூடத்துக்குப் போய் அதைச் சொல்ல வாய் வரவில்லை. அதனால் ஊரில் இருக்கிற உங்களுக்குச் சொல்கிறேன். நடந்தது இதுதான்.

2

எங்கள் வீட்டுக்காரர் லாரி டிரைவர். நாமக்கல்லில் வீட்டுக்கு ஒருவர் அந்தத் தொழிலில் இருப்பார்கள். வடக்கே லோடு ஏற்றிப் போவதை நாங்கள் "லைனுக்குப் போவது" என்போம். அவர் லைனுக்குப் போனால் மாதம் ஒன்று ஆனாலும் ஆகும். வந்தால் கோதுமை மாவு, ஆப்பிள், வெள்ளைப் பூண்டு என்று மூட்டையோடு வருவார். அந்த லைன் எப்படி இருக்கும் என்று பார்க்க எனக்கு ஆசை. கல்யாணம் ஆன புதிதில் ஒருமுறை கேட்டேன்.

"பொம்பள ஏறுனா வண்டி வெளங்குமா? போயி வேலையப் பாரு" என்றார்.

சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்கவும் சூடம் காட்டவும் நான் வேண்டும். ஏறி உட்கார மட்டும் ஆகாது. அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. ஆசை போகவும் இல்லை.

இங்கே கோயில் அன்னதானத்துக்குக் காய் நறுக்கப் போன இடத்தில் லெச்சுமி பழக்கமானார். மலேசியாக்காரர். ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவர், ஆக்லாந்திலேயே ஹென்டர்சன் பகுதியில் தனியாக இருக்கிறார். அவரும் அவர் வீட்டுக்காரரும் வருஷா வருஷம் கேரவனை இழுத்துக்கொண்டு நியூசிலாந்து முழுக்கச் சுற்றியவர்கள். கேரவன் என்றால் காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கிற சின்ன வீடு. கட்டில், அடுப்பு, கக்கூசு எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். வீட்டுக்காரர் போன பிறகு லெச்சுமி அதை விற்றுவிட்டார். அவருடைய தம்பி மணியம் ஆஸ்திரேலியாவில் அடிலெய்டில் இருக்கிறார். அவரிடம் ஒரு கேரவன் சும்மா நின்றுகொண்டிருந்தது. லெச்சுமியின் மகள் வடக்குக் கோடியில், டார்வினில் வேலை பார்க்கிறாள். தெற்கே அடிலெய்டில் கிளம்பி, நடு ஆஸ்திரேலியாவின் வெறும்பூமி வழியாக டார்வின் போய், அதே வழியில் திரும்ப வேண்டும் என்று லெச்சுமிக்கு எண்ணம். அந்த வெறும்பூமியைத்தான் அவுட்பேக் என்கிறார்கள்.

பூசணிக்காயை அரிந்துகொண்டே கேட்டார். "துணைக்கு ஒரு ஆள் வேணும்க்கா. நீங்க வர்றீங்களா? வண்டி நான் ஓட்டிருவேன்லா."

"நான் எங்க உட்காரணுமுங்?"

"எங்க உட்காருவீங்க? முன்னாலதான், என் பக்கத்துல."

அந்த ஒரு சொல்லுக்காகவே சரி என்றேன்.

ஊருக்குப் போன் போட்டுத் தங்கை வசந்தாவிடம் கேரவனில் போகப் போகிறேன் என்றேன். அவளுக்குத் தெரிந்த கேரவன் சினிமாக்காரர்கள் மேக்கப் போடுகிற வண்டிதான். "எந்த நடிகரோடக்கா ஷூட்டிங்கு?" என்று கேட்டாள். அவளுக்கு விளங்க வைப்பதற்குள் போன் சூடாகிவிட்டது.

குமரேசன் சிரிக்கவில்லை. அவன் இங்கே விரி என்ற இடத்தில் ஒரு பெரிய கிடங்கில் வேலை செய்கிறான். எந்த லாரி எப்போது எங்கே போக வேண்டும் என்று கம்ப்யூட்டரில் பார்த்துச் சொல்கிற வேலை. அப்பன் லாரி ஓட்டினான், மகன் லாரிகளை ஓட்டுகிறவர்களை ஓட்டுகிறான். ஆனால் அப்பா என்ன வேலை பார்த்தார் என்று யாராவது கேட்டால், "டிரான்ஸ்போர்ட் பிசினஸ்" என்பான்.

"ஏம்மா, உனக்கு இங்கிலீசு தெரியாது. சுகரு இருக்குது. அந்தம்மாவுக்கும் வயசாச்சு. ரெண்டு பேரும் அங்க போயி என்ன பண்ணுவீங்க?"

"பார்ப்போம்."

"எதைப் பார்ப்பீங்க?"

"ரோட்டை."

தலையில் கை வைத்துக்கொண்டான். கடைசியில் ஒரு கண்டிஷன் போட்டான். "சரி, போ. ஆனா இந்த ஒரு தடவதான். ஏதாவது ஆயி, நீ பாதியில திரும்பி வந்தீன்னா, அப்புறம் நான் சொல்றபடி வீட்டுல இருக்கணும். தனியா எங்கயும் நகரப்படாது. ஒத்துக்கறயா?"

தலையை ஆட்டினேன். அந்தத் தலையாட்டலை நான் மறக்கவில்லை. அவனும் மறக்கவில்லை.

அதற்குள் விசாக்காரர்கள் ஒரு ஆட்டம் காட்டினார்கள். இத்தனை வருஷம் இங்கே இருந்தும் என்னிடம் இருப்பது இந்தியப் பாஸ்போர்ட். பக்கத்து நாட்டுக்குப் போகவும் விசா வேண்டும். விரல் ரேகை எடுக்கிற மிஷினில் கையை வைத்தால், அது என் கையை ஒத்துக்கொள்ளவே இல்லை. ரேகை தேய்ந்துவிட்டதாம். தேயாமல் என்ன செய்யும்? ஆட்டுக்கல்லும் அம்மியும் சும்மா விடுமா? அங்கே இருந்த பெண் என் விரலை ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து அழுத்தினாள். கட்டைவிரல் மட்டும் கடைசியில் மனசு இரங்கியது.

3

அடிலெய்டில் மணியம் வீட்டு மரத்திலேயே எலுமிச்சம்பழம் காய்த்துத் தொங்கியது. காருக்கு நாலு, கேரவனுக்கு ரெண்டு என்று பறித்துச் சக்கரத்தடியில் வைத்தேன். மணியம் இங்கிலீசிலேயே வளர்ந்தவர். "அக்கா, டயருக்கு ஜூஸ் குடுக்கிறீங்களா?" என்று கேட்டார். நசுங்குகிற சத்தம் கேட்டதும் ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தேன். பெண்பிள்ளை ஏறினால் வண்டி விளங்காது என்றாரே, அவரை நினைத்துக்கொண்டேன். வண்டி நன்றாகவே விளங்கியது.

முதல் நாள் முடிவதற்குள் மரங்கள் குட்டையாகிவிட்டன. அதற்குப் பிறகு மண் சிவப்பாகிக்கொண்டே போனது. ரோடு கயிறு பிடித்துப் போட்டது மாதிரி நேராகக் கிடந்தது. வளைவு வந்தால் லெச்சுமி, "அக்கா, அக்கா, வளைவு!" என்று எழுப்பிக் காட்டுவார். செத்துக் கிடக்கிற கங்காருவின் மேல் ஆள் உயரக் கழுகு உட்கார்ந்திருக்கும். ஹாரன் அடித்தாலும் நம்மைத்தான் முறைக்கும். ஈயைப் பற்றி எழுதினால் நம்பமாட்டீர்கள். முகத்துக்கு வலை போட்டுக்கொண்டுதான் கீழே இறங்கினோம்.

எதிரே வருகிற வண்டிக்காரர்கள் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார்கள். நம் மேல் ஏதோ தப்பு என்று பயந்தேன். அது வணக்கமாம். அந்த வெறும்பூமியில் ஆளைக் கண்டால் விரலைத் தூக்காமல் போகக்கூடாதாம். முதலில் நான் ரெண்டு கையையும் கூப்பினேன். இரண்டாம் நாளிலிருந்து நானும் ஒரு விரல்தான். முன்பின் தெரியாத ஆண்பிள்ளைகளுக்கு என் ஆயுசில் நான் கை காட்டியது அப்போதுதான். ஒன்றும் ஆகிவிடவில்லை.

ரோடு டிரெயின் என்று ஒரு லாரி இருக்கிறது. ஒரே இன்ஜின், பின்னால் மூன்று பெட்டிகள் ரயில் மாதிரி வரும். கடந்து போகும்போது எங்கள் கேரவன் ஊஞ்சல் ஆடும். அதைப் பார்த்த அன்றைக்குத்தான் வீட்டுக்காரர் இல்லையே என்று இருந்தது. அழவில்லை. அவர் இருந்திருந்தால் அந்த டிரைவரோடு டீக்கடையில் உட்கார்ந்து அரை நாளை ஓட்டியிருப்பார், நாங்கள் கிளம்ப முடியாது.

வடக்கே போகப் போக ரோட்டோரம் கரையான் புற்றுகள். ஆள் உயரம், சிவப்பு நிறம். போகிற வருகிறவர்கள் அவற்றுக்குப் பழைய சட்டை மாட்டி, தொப்பி வைத்து விட்டிருக்கிறார்கள். புற்றைக் கண்டால் நாம் மஞ்சள் பூசிப் பால் ஊற்றுவோம். இவர்கள் சட்டை போட்டிருக்கிறார்கள். நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

"அக்கா, அது டி-ஷர்ட்டுக்கா!"

"இருந்தா என்னங்? அவங்கவங்க ஊரு அலங்காரம்."

வேலையைப் பங்கு போட்டுக்கொண்டோம். லெச்சுமி டிரைவர். நான் கிளீனர். லாரியில் டிரைவருக்கு அடுத்த ஆளை நம் பக்கம் கிளீனர் என்றுதான் சொல்வோம். தண்ணீர் பிடிப்பது, கண்ணாடி துடைப்பது, டயரைத் தட்டிப் பார்ப்பது, பின்னால் நின்று வழி சொல்வது எல்லாம் அவன் பாடு. டயர் தட்ட இரும்புக் கம்பி இல்லாததால் பூரிக்கட்டையை எடுத்துக்கொண்டேன். நின்ற இடத்தில் எல்லாம் டயரைத் தட்டினேன். ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் பார்த்துவிட்டு, டயர் என்ன தப்பு செய்தது என்று லெச்சுமியிடம் கேட்டாராம். ஒருமுறை சத்தம் சரியில்லை, காற்று குறைச்சல் என்று அடித்துச் சொன்னேன். லெச்சுமி மீட்டர் வைத்துப் பார்த்தார். காற்று சரியாகத்தான் இருந்தது. கட்டையில் மாவு ஒட்டியிருந்ததுதான் கோளாறு. இதைப் போனில் குமரேசனிடமும் சொன்னேன். கக்கூசுப் பெட்டியை இழுத்துப்போய் அதற்கென்று இருக்கிற குழியில் கொட்டிக் கழுவுவதும் என் வேலைதான். டார்வின் வரைக்கும் ஒரு குறையும் இல்லாமல் செய்தேன்.

4

பின்னால் நின்று வழி சொல்வது என்றேனே, போகும்போது அதை நான் வாயைத் திறக்காமல் செய்தேன். எல்லாரும் பார்க்கிறார்களே என்று கூச்சம். கையை மட்டும் ஆட்டுவேன், லெச்சுமி கண்ணாடியில் பார்த்துக்கொள்வார். டார்வினில் அவர் மகள் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பும்போது எனக்குத் தைரியம் வந்துவிட்டது. அங்கேதான் வினை.

டென்னன்ட் கிரீக் என்ற ஊர் தாண்டி ஒரு கேரவன் நிறுத்துமிடம். வண்டியைப் பின்னுக்குத் தள்ளி இரண்டு கம்பங்களுக்கு நடுவே நிறுத்த வேண்டும். வெயில் கண்ணாடியில் அடித்ததால் லெச்சுமிக்கு என் கை தெரியவில்லை.

"வாயைத் திறந்து சொல்லுங்கக்கா!"

அவ்வளவுதான். ஐம்பது வருஷமாக நாமக்கல் பட்டறை வாசலில் கேட்ட சத்தம் எனக்குள்ளிருந்து வந்தது. "வரட்டும்... வரட்டும்... ரைட்! ரைட்!" என்று கத்தினேன்.

ரைட் என்றால் நமக்குத் தெரியும். போலாம், வழி சரியாக இருக்கிறது என்று அர்த்தம். பஸ் கண்டக்டர் சொன்னாலும் லாரி கிளீனர் சொன்னாலும் அதுதான். லெச்சுமி இங்கிலீசு படித்தவர். ரைட் என்றதும் ஸ்டீயரிங்கை வலது பக்கம் ஒடித்தார். கேரவனுக்கு ஒரு குணம். காரை இந்தப் பக்கம் திருப்பினால் அது அந்தப் பக்கம் போகும். மடங்கிப் போய்க் கம்பத்தில் இடித்தது. மடங்குவதைப் பார்த்து நான் இன்னும் பலமாக "ஓல்டான்! ஓல்டான்!" என்று கத்தினேன். நிறுத்து என்று அர்த்தம், அதுவும் அவருக்குப் புரியவில்லை.

பின்விளக்கு நொறுங்கியது. மூலைத் தகடு மடிந்தது. லெச்சுமி கோபத்தில் கீழே குதித்தார். கால் ஒரு பள்ளத்தில் மடங்க, அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அக்கா! ரைட்டுன்னீங்க, ரைட்ல திருப்புனேன்!"

"ரைட்டுன்னா போலாம்னுங்!"

"எந்த ஊர்லக்கா ரைட்டுன்னா போலாம்?"

"எங்கூருலீங்."

"அப்ப ரைட்ல திருப்பணும்னா உங்கூர்ல என்னா சொல்லுவாங்க?"

"அதுக்கும் ரைட்டுதானுங்."

வலியில் அழுதுகொண்டிருந்தவர் சிரித்துவிட்டார். அப்புறம் மறுபடி அழுதார். இடது கணுக்கால் பூரி மாதிரி உப்பிவிட்டது. நர்சு என்பதால் அவரே தொட்டுப் பார்த்து, எலும்பு முறியவில்லை, சுளுக்குத்தான் என்று சொல்லி, கட்டும் போட்டுக்கொண்டார்.

நான் வாயை மூடிக்கொண்டேன். பேசாமல் இருந்தவரைக்கும் நல்லா இருந்தோமே, வாயைத் திறந்த அன்றைக்கே இப்படி ஆகிவிட்டதே என்று ஒரே நினைப்பு.

5

சங்கதி மணியத்துக்குப் போய், மணியத்திடமிருந்து குமரேசனுக்குப் போனது. ஆண்பிள்ளைகள் ரெண்டு பேரும் பேசி எல்லாவற்றையும் முடித்துவிட்டார்கள். கேரவனையும் காரையும் அங்கேயே விட்டுவிட வேண்டும். அப்புறம் லாரியில் ஏற்றிக் கொண்டுவந்துகொள்ளலாம். நாங்கள் பிளேனில் வர வேண்டும். லெச்சுமி காலை நீட்டிப் படுத்தபடி, "தம்பி சொல்றதும் சரிதான்க்கா" என்றார். குரலில் தெம்பே இல்லை.

குமரேசன் என்னைக் கூப்பிட்டான்.

"அம்மா, ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்ல இருந்து டிக்கெட் போட்டாச்சு. நாளன்னிக்கு ஒரு கார் வந்து உங்களைக் கூட்டிட்டுப் போவும். துணியெல்லாம் எடுத்து வெச்சுக்க."

"எங்க வண்டி?"

"அது அங்க கெடக்கட்டும்."

என் மனசு எங்கோ போய்விட்டது. ஒருமுறை நாக்பூர் தாண்டி எங்கள் வீட்டுக்காரர் ஓட்டிய லாரி ஆக்சில் முறிந்து நின்றது. கூடப் போன மற்ற லாரிக்காரர்கள், ரயிலேறி ஊருக்குப் போ, ஓனர் பார்த்துக்கொள்ளட்டும் என்றார்கள். அவர் வரவில்லை. ஊரிலிருந்து சாமான் போய்ச் சேரும்வரை லாரிக்கு அடியிலேயே படுத்துக் கிடந்தார். குமரேசனுக்கு அப்போது அம்மை போட்டிருந்தது. வந்ததும் நான் அவரை வாங்கு வாங்கு என்று வாங்கினேன். அவர் சொன்னது ஒன்றுதான். "வண்டி வராம ஆளு மட்டும் வந்தா அதுக்குப் பேரு திரும்பி வர்றதா? ஓடியாறது." அன்றைக்கு நான் திட்டியது நியாயம்தான். இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். ஆனால் அவர் சொன்னதும் பொய்யில்லை என்று டென்னன்ட் கிரீக்கில்தான் தெரிந்தது.

பிளேனில் போய் இறங்கினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாதா? ஓடி வந்தவள் ஆகிவிடுவேன். தலையாட்டி ஒத்துக்கொண்டபடி தகனினி வீட்டில் உட்கார வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு வருகிற தியாவுக்குக் கதவு திறக்க வேண்டும், தோசை வேண்டுமா என்று கேட்டால் அவள் "நோ தேங்க்ஸ்" என்பதைக் கேட்க வேண்டும். கோயிலுக்குப் போவதென்றால்கூட யாராவது கொண்டுபோய் விட வேண்டும். சாகிறவரைக்கும் அதுதான்.

"நான் வரலடா" என்றேன்.

"என்னது?"

"வண்டிய உட்டுட்டு வரமாட்டேன். லெச்சுமிக்குக் கால் வத்தட்டும். மெதுவா வர்றோம்."

"ஏம்மா, போறப்பவே எல்லாத்தையும் பார்த்துட்ட. திரும்பி வர்றதுல என்ன இருக்குது? அதே ரோடுதான?"

"உங்கப்பாவும் வாழ்நாள் பூரா அதே ரோட்டுலதான் போயி வந்தாரு."

"அப்பா டிரைவரு. நீ யாரு?"

"கிளீனரு."

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"அம்மா, அந்த வார்த்தைய இங்க யார்கிட்டயும் சொல்லிப் போடாத. இங்க கிளீனர்னா வேற அர்த்தம்."

"என்ன வேற? கக்கூசு கழுவறதுதான? அதையுந்தான் தெனமும் பண்ணுறேன்."

"டிக்கெட் காசு திரும்ப வராதும்மா!"

"போவட்டும். வீட்டுக்கு வந்து உனக்கு வடை சுட்டுத் தர்றேன்" என்று சொல்லிப் போனை வைத்தேன். லெச்சுமி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, நீங்க இப்படிப் பேசி நான் பார்த்ததே இல்ல."

"நானும் பார்த்ததில்லைங்."

"அப்ப நான் மட்டும் பிளேன்ல போயி என்னா பண்றது?" என்று சொல்லிவிட்டு, எழுந்து உட்கார்ந்து, ரசம் இருக்கிறதா என்று கேட்டார்.

6

கால் வீக்கம் வற்றுகிற வரை அங்கேயே இருந்தோம். கார் ஆட்டோமேட்டிக். ஓட்ட வலது கால் போதும். ஊருக்குள்ளிருந்து பட்டறைக்காரர் ஒருவர் வந்து விளக்கை மாற்றி, தகட்டைச் சுத்தியால் தட்டிக் கொடுத்தார். முழுசாக நிமிரவில்லை. மணியம் இன்னமும் அந்த மடிப்பை வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறாராம்.

லெச்சுமி ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொன்னார். "அக்கா, கத்துறத நிறுத்தாதீங்க. எனக்கு உங்க சத்தம் வேணும். ஆனா ரைட் மட்டும் வேணாம்லா."

யோசித்துப் பார்த்தேன். சோத்தாங்கை, பீச்சாங்கை என்று வைத்துக்கொண்டோம். சோறு தின்கிற கை வலது. மற்றது எது என்று நான் விளக்கவேண்டிய அவசியம் இல்லை. லெச்சுமி, "ஐயோ, பத்து பேர் மத்தியில அதைக் கத்துவீங்களா?" என்று கேட்டார். அங்கே யாருக்குத் தமிழ் தெரியும்? கேரவனின் பின்புறம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அதை நான் சொல்வேன். அதற்கு ஸ்டீயரிங்கை எப்படித் திருப்புவது என்பது லெச்சுமி பாடு.

அப்புறம் பாருங்கள். ஒவ்வொரு சாயங்காலமும் ஒவ்வொரு ஊரில், வெள்ளைக்காரர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்க, நான் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, "சோத்தாங்கை! சோத்தாங்கை! போலாம்! பீச்சாங்கை கொஞ்சம்! நில்லுங்!" என்று கத்தினேன். கூபர் பீடி என்ற ஊரில் பக்கத்து வண்டிக்காரர் அதைக் கேட்டுக் கேட்டு, காலையில் அவர் கிளம்பும்போது தன் பெண்டாட்டியைப் பார்த்து, "சோட்டாங்காய்!" என்று கத்தினார். அந்தம்மா என்னைப் பார்த்து ஒரு விரலைத் தூக்கினார். நானும் தூக்கினேன்.

அடிலெய்டில் மணியம் வீட்டு வாசல் சரிவானது, குறுகலும்கூட. அவர் கையை நீட்டி, "சாவி குடு அக்கா, நான் போட்டுக்கிறேன்" என்றார். லெச்சுமி கொடுக்கவில்லை. நான் பின்னால் போய் நின்றேன். ஒரே தடவையில் ஏறவில்லை, மூன்றோ நாலோ தடவை முன்னே பின்னே எடுத்தோம். கடைசியில் எலுமிச்சை மரத்தடியில் எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்தோம். "நில்லுங்!" என்றேன். வண்டி நின்றது. அதுதான் திரும்பி வருவது.

ஆக்லாந்து விமானநிலையத்தில் என் செருப்பில் செம்மண் இருப்பதைப் பார்த்துக் கழற்றச் சொன்னார்கள். வெளிநாட்டு மண் இந்த நாட்டுக்குள் வரக்கூடாது. கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த அதிகாரி சும்மா பேச்சுக்கு, ஆஸ்திரேலியாவில் என்ன செய்தீர்கள் என்று என்னிடம் கேட்டார். கேள்வி எனக்கே புரிந்துவிட்டது. "கிளீனர்" என்றேன். சுற்றிப் பார்க்கப் போன இடத்தில் சம்பளத்துக்கு வேலை பார்த்தேன் என்று நினைத்து அவர் முகம் மாறிவிட்டது. எந்தக் கம்பெனியில் வேலை பார்த்தீர்கள் என்று அடுத்த கேள்வி. லெச்சுமி புகுந்து பேசி முடிக்கக் கால்மணி நேரம் ஆனது. கழுவின செருப்பின் தையலுக்குள் இன்னும் கொஞ்சம் சிவப்பு இருக்கிறது. இதைப் படித்துவிட்டு யாரும் அவர்களிடம் போய்ச் சொல்ல வேண்டாம்.

7

ஞாயிற்றுக்கிழமைக் கதையை முடிக்கவில்லை. விருந்து முடிந்து ஆட்கள் கிளம்பினார்கள். தோட்டத்துக் குப்பை ஏற்றுவதற்காகக் குமரேசன் ஒரு டிரெய்லரை வாடகைக்கு எடுத்துக் காரில் மாட்டி வைத்திருந்தான். அது வழியை மறித்து நின்றது. பின்னுக்குத் தள்ளி ஓரம் கட்டினால்தான் மற்ற கார்கள் வெளியே போக முடியும். அவன் தள்ளினான். டிரெய்லர் மடங்கியது. முன்னே எடுத்தான், மறுபடி தள்ளினான், மறுபடி மடங்கியது. எல்லாரும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒருவர் ரைட்டில் என்றார், ஒருவர் லெஃப்டில் என்றார். அவனுக்கு முகமெல்லாம் வியர்த்துவிட்டது.

நான் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே போனேன். கையில் வடைமாவு. நித்யா, "அத்தை, நீங்க எதுக்கு?" என்றாள். நான் பின்னால் போய் நின்று டிரெய்லரின் தகட்டை ரெண்டு தட்டுத் தட்டினேன். தட்டினதும் குமரேசன் பிரேக்கை மிதித்தான். யாரென்று அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

"வரட்டும்... பீச்சாங்கை... வரட்டும், வரட்டும்..." என்றேன். கூச்சம் இருந்தது. இல்லை என்று சொல்லமாட்டேன். அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். டிரெய்லர் நேரானது. அப்போது எனக்குச் சோத்தாங்கை எல்லாம் மறந்துவிட்டது. பழைய வாய். "ரைட்! ரைட்!" என்று கத்திவிட்டேன். கத்தின பிறகுதான், ஐயோ, போச்சு என்று உறைத்தது.

குமரேசன் ஸ்டீயரிங்கைத் திருப்பவில்லை. நேராகவே வந்தான். "ஓல்டான்!" என்றேன். நின்றான். வேலியை ஒட்டிச் சரியாக நின்றது.

பக்கத்தில் நின்ற தியா கார் ஜன்னலில் எட்டி, "அப்பா, ஷி செட் ரைட்! வொய் டிட்ன்ட் யூ டர்ன்?" என்று கேட்டாள்.

"அது அந்த ரைட் இல்ல, கண்ணு" என்றான். "போலாம்னு அர்த்தம்."

"ஹூ டோல்ட் யூ?"

அவன் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். இந்த நாட்டில் நான் சொல்கிற ரைட் புரிகிற ஆள் அவன் ஒருவன்தான். பட்டறை வாசலில் என் இடுப்பில் உட்கார்ந்து அப்பன் வண்டி பின்னால் வருவதைப் பார்த்தவன் அல்லவா?

அன்று ராத்திரி சாப்பிட உட்கார்ந்தோம். கூடத்தில் சொன்ன பேச்சை அவன் திரும்ப வாங்கவில்லை. வாங்காவிட்டால் போகட்டும். அடுத்த மாதம் லெச்சுமி தெற்குத் தீவுக்கு ஒரு கேரவனை வாடகைக்கு எடுக்கிறார். நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். வீட்டில் யாரிடமும் கேட்கவில்லை. போகிறேன் என்று மட்டும் சொன்னேன். குமரேசன் வாயில் சோற்றோடு நிமிர்ந்து பார்த்தான். அப்புறம், "பூரிக்கட்டைய எடுத்துக்க" என்றான்.

ஊர்ப் பெயர்களைக் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறேன். எந்த ஊருக்கு அடுத்து எந்த ஊர் என்பதிலும் தப்பு இருக்கலாம், லெச்சுமி ஒருமுறை படித்துச் சரிபார்க்க வேண்டும். ரோடு டிரெயினுக்கு எத்தனை சக்கரம் என்று எண்ணினேன், ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு கணக்கு வந்ததால் எழுதவில்லை. தெரிந்தவர்கள் சேர்த்துக்கொள்ளுங்கள். நாக்பூருக்கு முன்னாலா பின்னாலா என்பதை நாமக்கல்லில் பழைய டிரைவர்கள் யாராவது இருந்தால் கேட்டுத் திருத்த வேண்டும். ஒற்றெழுத்தை யார் வேண்டுமானாலும் திருத்தலாம். தலைப்பை மட்டும் யாரும் தொட வேண்டாம்.